உன் ஜீப்புக்கு நான் நிரப்பிய ஃபாரம்

ரகுவுக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதினேன், அடித்துவிட்டேன். வேறு தாள் எடுத்து உன் பேரோடு நிறுத்திக்கொண்டேன். இது நீளமான கடிதம். படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன்னோடு ரூமில் இருப்பவனிடம், உன் ஆபீஸில் இருப்பவர்களிடம், முக்கியமாக அந்தப் பெண் வீட்டாரிடம். யார் படித்தாலும் எனக்குச் சம்மதம் என்று தெரியட்டும் என்பதற்காகவே பெரிய எழுத்தில், நிதானமாக எழுதுகிறேன்.

உன் கார்டு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. "சம்பந்தம் நின்றுவிட்டது. அம்மா வருத்தப்பட வேண்டாம். நான் சௌக்கியம்." மூன்றே வாக்கியம். காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டால் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாய் போலிருக்கிறது. ஆனால் அவர்கள் விசாரிக்க ஆள் அனுப்பியது நம் தெருவுக்குத்தான். கோடி வீட்டில் உட்கார்ந்து மோர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். பையன் இன்ஷூரன்ஸ் கம்பெனியை ஏமாற்றப் பொய் விவரம் எழுதிக் கொடுத்தானாம், கோர்ட்டில் அவனே ஒப்புக்கொண்டானாம், அடிபட்டவனுக்கு அதனால் கம்பெனி ஒன்றும் தரவில்லையாம். கோடி வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. கோர்ட்டில் நடந்ததைத்தான் சொன்னார். அது அப்படி நடந்ததற்குக் காரணம் நான் என்பது அவருக்குத் தெரியாது. கேஸ் நடந்தபோது உனக்கும் எனக்கும், நானே போய்ச் சொன்ன ஒருவருக்கும்தான் தெரியும். இன்னும் ஒருவருக்கும் தெரிந்திருந்தது என்பது எனக்கு முந்தாநாள்தான் விளங்கிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து, பட்டாளம் விட்டுவிட்டுப் போன வண்டிகளைப் பரங்கிமலைப் பக்கம் ஏலம் போட்டார்களே, அங்கிருந்து அந்த ஜீப்பை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? உனக்கு இருபது வயது. ஓவர்சியர் படிப்பு முடித்திருந்தாய். அடையாறுக்குத் தெற்கே மணலும் பனையுமாகக் கிடந்த நிலத்தை அளந்து மனை போடும் கண்ட்ராக்டர் ஒருவர், சொந்த வண்டி இருந்தால் வேலை உண்டு, வண்டிக்கும் சேர்த்துப் படி உண்டு என்று சொல்லியிருந்தார். அந்த மணலில் சாதாரணக் கார் போகாது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகும் என்று நீ எனக்கும் அம்மாவுக்கும் சாப்பிடும்போது விளக்கினாய். வண்டி வாசலில் நின்றபோது எனக்கு அது ஒரு வண்டியாகவே தெரியவில்லை. பச்சை பெயிண்ட் உரிந்திருந்தது, மேலே கித்தான், கதவே இல்லை, ஸ்டியரிங் இடது பக்கம். உன் அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, இதுல கதவே இல்லையேடா, எதைத் திறந்துண்டு ஏறறது?" என்று கேட்டாள். நீ சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. நீ அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மூன்றாம் மனிதருக்கு அடிபட்டால் நஷ்டம் கொடுக்க இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது என்று சட்டம் வந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. கம்பெனிகளே புது வழக்கத்துக்குப் பழகிக்கொண்டிருந்த சமயம். நீ ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினாய். நானும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில்தான் இருந்தேன், ஆனாலும் என்னிடம் கேட்கவில்லை, அப்பா ஆபீஸ் என்பதற்காகச் சலுகை கேட்கக்கூடாது என்பது உன் எண்ணம். சாயந்திரம் வந்து சொல்வாய். ஒரு இடத்தில் லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம் என்று கேட்டார்கள், நாலு மாதம் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், இருபத்தைந்து வயதானதும் வா என்றார்கள். ஒருவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். ஒருவர் சம்மதித்தார், ஆனால் அவர் கேட்ட பிரீமியம் வண்டி விலையில் பாதி. "வண்டியை விட்டுட்டு பாலிசியையே ஓட்டிண்டு போகலாம் போலிருக்கு" என்று நீ சொன்னபோது அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பேனாவை மூடி வைக்கும் வேலையை முப்பது வருஷமாகச் செய்துவந்தவன் நான். இள வயது, புது லைசென்ஸ், பழைய வண்டி, அதிலும் பட்டாளத்து வண்டி என்று எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தைப் படித்து முடிக்காமலே ஒதுக்கி வைப்பேன். எத்தனை பிள்ளைகள் இப்படி மாடிப்படி இறங்கிப் போயிருப்பார்கள் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நேர் வழியே இல்லாமல் போய்த்தான் நான் அப்படிச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. வழி இருந்தது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஏஜண்டாக இருந்தார். அவரைப் பார்க்க மட்டும் நீ என்னை அழைத்துக்கொண்டு போனாய். அவர் கீழே இறங்கி வந்து உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பனகல் பார்க்கை இரண்டு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். திரும்பி வந்து என்னிடம், "ஐயா, பையன் நல்லாத்தான் ஓட்டுதான். ஆனா இடது கை ஸ்டியரிங்கு. முன்னால போற வண்டியத் தாண்டையில எதுத்தாப்புல வாரது இவனுக்குத் தெரியாது. ஒரு மூணு வாரம் பொறுங்க. நம்ம இஞ்சினீயர் வண்டியப் பாக்கட்டும். ஆறு மாசத்துக்கு அனுபவப்பட்ட டிரைவர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து வரட்டும். நஷ்டம் வந்தா முதல்ல கொஞ்சம் நீங்களே ஏத்துக்கிடணும். சட்டத்துக்கு வேண்டியதுக்கு மட்டும் பாலிசி எடுங்க, வண்டிக்குன்னு எடுக்காதீங்க. அப்படின்னா கட்டுபடி ஆகுற பிரீமியத்துக்கு நான் வாங்கித் தாரேன்" என்றார். இன்று யாராவது பிள்ளையையும் பழைய ஜீப்பையும் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தால், நானும் அந்த மனிதர் சொன்னதையே சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டாமல். அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. கண்ட்ராக்டர் அடுத்த திங்கட்கிழமைக்குள் வரச் சொல்லியிருக்கிறார், மூன்று வாரம் எப்படிப் பொறுப்பது என்று நீ கவலைப்பட்டாய். என் கோபம் வேறு. முப்பது வருஷ ஹெட் கிளார்க்குக்கு ஜவுளிக்கடை மாடியில் இருக்கிற ஒரு ஏஜண்ட் பாடம் சொல்கிறானே என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி எங்கள் கம்பெனி ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே நிரப்பினேன். வண்டியை யார் ஓட்டுவார் என்ற கேள்விக்கு எதிரே கௌஸ் பாயின் பேரை எழுதினேன். உனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த திருவல்லிக்கேணி டாக்ஸிக்காரர். ஒரு நாள் நம் வீட்டில் காபி குடிக்கும்போது பெருமையாகத் தன் லைசென்ஸை எடுத்துக் காட்டினார் அல்லவா, அதில் பார்த்த பன்னிரண்டு வருஷம் எனக்கு மனதில் நின்றிருந்தது. மாதச் சம்பளத்துக்கு அமர்த்திய டிரைவர் என்று எழுதினேன். அவரைத் தவிர வேறு யாராவது ஓட்டுவார்களா? இல்லை. இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டுவார்களா? இல்லை. இரண்டு 'இல்லை'. அழகான எழுத்தில், மை தீற்றாமல் எழுதினேன். காலையில் நீ குளித்துவிட்டு அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது உன் முன் நீட்டினேன். "எல்லாம் சரியா எழுதியிருக்கேளா அப்பா?" என்று கேட்டாய். "முப்பது வருஷமா இதைத்தானேடா எழுதறேன், போடு" என்றேன். நீ படிக்காமல் கையெழுத்துப் போட்டாய். அப்பா எழுதியதைப் படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று உன்னை வளர்த்ததும் நான்தான்.

பாலிசி நாலாம் நாள் வந்தது. பிரீமியம் ஏஜண்ட் சொன்னதைவிடக் குறைவு. உனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏழு மாதம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் சங்கிலியும் கம்புகளுமாகப் போவாய், சாயந்திரம் காதெல்லாம் மணலாக வருவாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திருவான்மியூர்க் கோவிலுக்குப் போய், அங்கிருந்து மணலுக்குள்ளேயே கடல்வரை ஓட்டினாய். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கத்திக்கொண்டே இன்னொரு தரம் போகச் சொன்னாள். அந்த ஏழு மாதத்தில் எத்தனையோ நாள் நான் ஆபீஸுக்குப் போய் அந்த ஃபாரத்தைத் திருத்தியிருக்கலாம். கூடுதல் பிரீமியம் கட்டினால் தீர்ந்திருக்கும். இன்று, நாளை என்று தள்ளினேன். பிறகு தள்ளுகிறோம் என்பதே மறந்துபோயிற்று.

அடையாறு பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரும் ரோட்டில், காலை பத்து மணி வெயிலில், வைக்கோல் வண்டி ஒன்றை நீ தாண்டினாய். எதிரே வந்த சைக்கிள் உன் கண்ணில் படவில்லை. திருநெல்வேலிக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. சைக்கிளில் வந்தவன் பேர் ஏழுமலை. மயிலாப்பூரில் ஒரு அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவன். முப்பது வயது, இரண்டு குழந்தைகள். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நீயே அவனைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நீயே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய், ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரத்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்தாய். "அப்பா, அவன் கம்பாசிட்டராம். வலது கை போயிடுத்துப்பா" என்றாய். சற்று நேரம் கழித்து, "நல்ல வேளை, பாலிசி இருக்கு. அவனுக்கு ஏதாவது நிறையவே கிடைக்கும், இல்லையாப்பா?" என்று கேட்டாய்.

நீ அப்படிக் கேட்டதும் நான் எழுந்து வெளியே போனேன் அல்லவா? திருவல்லிக்கேணிக்குத்தான் போனேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்தில் கௌஸ் பாயின் வீடு. தொழுகை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க சாமி, தம்பி எப்படிக் கீறான்?" என்று கேட்டு உட்கார வைத்தார். நான் விஷயத்தைச் சொல்லி, பையன் பதற்றத்தில் போலீஸில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டான், வண்டியை ஓட்டியது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்கு அனுபவம் இருக்கிறது, லேசாக விட்டுவிடுவார்கள் என்று கேட்டேன்.

"சாமி, காலைல பத்து மணிக்கு நான் எழும்பூர் ஸ்டேஷன்ல சவாரி ஏத்திக்கினு இருந்தேன். நாலு பேரு பாத்துகீறான். அது கெடக்கட்டும். எனுக்குத் தெரியாம எம் பேரை எழுதிட்டு, இப்போ எங்கிட்டயே வந்து, நீ போய் நில்லுன்றீங்களே, இன்னா நாயம் சாமி இது? லைசென்ஸ் போச்சின்னா நாளைக்கி எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்? தம்பி கேட்டிருந்தா ஆறு மாசம் சும்மாவே பக்கத்துல குந்திக்கினு வந்திருப்பேனே. ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி எழுந்திருப்பேன். டிராம் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் உன்னிடம் ஃபாரத்தைப் பற்றிச் சொன்னேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். "அப்போ அந்த ஏழுமலைக்கு?" என்று மட்டும் கேட்டாய். எனக்கு வேலை போய்விடும், ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான் இருக்கிறது, வெளியே தெரிந்தால் முப்பது வருஷத்துச் சேமிப்பு நிதியையும் நிறுத்திவிடுவார்கள், நீயும் அம்மாவும் எங்கே போவீர்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினேன். அம்மாவுக்காகக் கேட்கிறேன் என்று அன்று சொன்னேன். அது உண்மையல்ல. எனக்குப் பயம். மானேஜர் முன் நிற்கப் பயம். கீழே வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்களே என்று பயம். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் ஃபாரத்தை உயர்த்திக் காட்டி, "இந்தப் பதில்களை எழுதியது யார்?" என்று கேட்டார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான்" என்றாய். "இது உங்கள் எழுத்தா?" "ஆமாம்." "பொய் என்று தெரிந்தே எழுதினீர்களா?" நீ கொஞ்சம் தயங்கினாய். அந்த நேரத்தில் நான் எழுந்திருக்கலாம். பெஞ்சைப் பிடித்திருந்த கைகூட அசைந்தது. "ஆமாம்" என்று நீ சொல்லிவிட்டாய். பொய் விவரம் கொடுத்து வாங்கிய பாலிசி செல்லாது, கம்பெனி எதுவும் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. ஏழுமலை நஷ்ட ஈட்டை உன்னிடமே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். உன்னிடம் என்ன இருந்தது? வண்டியை விற்று வந்ததை முழுதும் அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாய்.

தெருவில் நடந்து போகிறவனும் சைக்கிளில் போகிறவனும் அடிபட்டால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்றுதான் சர்க்கார் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆபீஸில் எத்தனையோ பேருக்கு நானே இதை விளக்கியிருக்கிறேன். ஆனால் உனக்கு ஃபாரம் நிரப்பியபோது, உன் வேலைக்குக் குறுக்கே நிற்கிற ஒரு காகிதமாகத்தான் அது எனக்குத் தெரிந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு ஏழுமலைக்காக எழுதப்படும் காகிதம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. உன் பிரீமியத்தைக் குறைக்கிறேன் என்று நான் குறைத்தது அவனுடைய சோற்றை.

தீர்ப்பான மறு மாதம் நீ நாகபுரிக்குப் போனாய். ரயில் பாதை போடும் இடத்தில் வரைபடம் நகல் எடுக்கும் வேலை. எழும்பூரா, சென்ட்ரலா என்றுகூட என்னிடம் சொல்லவில்லை. அம்மா உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், "ஏண்டா அப்படிப் பண்ணினே? அப்பாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? அவருக்குத் தெரியாததா?" என்று எழுதினாள். மேல்விலாசம் எழுத என்னிடம்தான் கொடுப்பாள். நான் படித்துப் பார்த்துவிட்டு விலாசம் எழுதித் தபாலில் போட்டேன். நீ ஒரு தடவைகூட அவளுக்கு உண்மையை எழுதவில்லை.

கார்டு வந்த அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ரெண்டு வருஷமா பிள்ளையைக் குத்திக் குத்தி எழுதிண்டிருந்தேனே, எல்லாத்தையும் படிச்சுப் பாத்துதானே விலாசம் எழுதினேள்?" என்றாள். கோபாலபுரத்தில் உன் மாமா வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. எந்த முகத்தோடு போவது?

ஏழுமலையைத் தேடிக்கொண்டு போனேன். கால்வாய் ஓரம் குடிசையில் இருக்கிறான். அச்சாபீஸில் கொஞ்ச நாள் வாசல் காவலுக்கு வைத்திருந்தார்கள், பிறகு அதுவும் இல்லை. இப்போது அவன் பெண்டாட்டி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சாப்பிடுகிறார்கள். நான் யார் என்று சொன்னதும், உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டான். "தம்பி நல்லாக் கீறாரா சாமி? அன்னிக்கு மட்டும் அவுரு தூக்கிக்கினு ஓடலேன்னா நான் அங்கியே பூட்டிருப்பேன்." நான் கீழே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ஃபாரத்தை நிரப்பியது நான், உன் மகன் படிக்கவே இல்லை என்று சொன்னேன். உன் மகன் என்றா சொன்னேன், என் மகன் என்று சொன்னேன். எழுத்து தப்பிப் போகிறது.

"அப்போ கம்பேனி துட்டு வராம போனது உன்னாலயா?"

"ஆமாம்."

"இன்னாத்துக்கு சாமி இப்போ வந்து சொல்றே?" என்றான். குரல் உயரவில்லை. "ஏதோ தலைவிதின்னு நெனச்சிக்கினு கெடந்தேன். தம்பி மேலயும் கோவம் இல்ல, சின்னப் பையன், தெரியாத எழுதிட்டான்னு வுட்டுட்டேன். இப்போ நீ வந்து குந்திக்கினு, நான் தெரிஞ்சிதான் செஞ்சேன்றே. இனிமே ஒவ்வொரு நாளும் உன் மூஞ்சிதானே எனுக்கு ஞாபகம் வரும்? போ சாமி. எழுந்து போ."

அவன் பெண்டாட்டி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்து வெளியே வரும்போது ஒதுங்கி வழி விட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டால் மனது லேசாகும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு லேசாகவில்லை. என் மனது லேசாக வேண்டும் என்பதற்காக, அவனிடம் இருந்த கொஞ்ச நிம்மதியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முந்தாநாள் மானேஜரிடம் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். அந்தப் பாலிசியைத் திரும்பவும் எடுத்துப் பாருங்கள், தவறு உங்கள் சிப்பந்தி செய்தது, அடிபட்டவனுக்கு ஏதாவது கொடுங்கள், என்னை என்ன செய்தாலும் சரி என்றேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. தாளை மடித்து மேஜை மேல் என் பக்கம் தள்ளினார்.

"இது உங்க எழுத்துன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இந்த ஆபீஸ்ல உங்க எழுத்து தெரியாதவன் யாரு? ரிஜிஸ்டர் பூரா உங்க எழுத்துதானே?" என்றார். "அப்போ நான் வாயைத் திறந்திருந்தா, நம்ம ஆள் எழுதினதுன்னு கம்பெனி பணம் கட்ட வேண்டி வந்திருக்கும். உங்க பையனே ஒத்துண்டான், கேஸ் முடிஞ்சுது. முடிஞ்ச ஃபைலை இப்போ யார் திறக்கறது? நான் ஏன் சும்மா இருந்தேன்னு எனக்கு மேலே இருக்கறவா கேட்க மாட்டாளா? இன்னும் ரெண்டு மாசம். ஒழுங்கா ரிடையர் ஆயிட்டுப் போங்கோ."

அப்படியானால் அன்று கோர்ட்டில் நீ 'என் எழுத்து' என்று சொன்னபோது, கம்பெனி தரப்பில் உட்கார்ந்திருந்த மானேஜருக்கும் அது பொய் என்று தெரியும். அந்தக் கேஸில் சம்பந்தப்பட்டவர்களில் அது பொய் என்று தெரியாதவன் ஏழுமலை ஒருவன்தான். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு வந்த ஃபாரங்கள் மேஜைமேல் இருந்தன. அடுத்த நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அதை மட்டும் உடனே வாங்கிக்கொண்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன், போய்விட்டாள். ஏழுமலையிடம் சொன்னேன், விரட்டிவிட்டான். கம்பெனியில் சொன்னேன், வேண்டாம் என்றார்கள். உனக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நீதான் எல்லாம் தெரிந்தவன். அந்தப் பெண்ணின் தகப்பனார் விலாசத்தை எனக்கு எழுதி அனுப்பு. நானே ரயிலேறி வந்து, அவர் வீட்டு வாசலில் நின்று சொல்கிறேன். நீ அனுப்பமாட்டாய். என்னை அப்படி நிற்க வைக்க உனக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும், அதுதான் என்னை மிகவும் கொல்கிறது. நான் உன்னைக் கோர்ட்டில் நிற்க வைத்தேன்; எனக்கு மனம் வந்தது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஊருக்கு வா என்றும் கூப்பிடவில்லை. வந்தால் அம்மாவைப் பார்க்கக் கோபாலபுரத்துக்கு நேரே போ, இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதுவும் எனக்காக இல்லை. உனக்கு இன்னும் வயது இருக்கிறது. வேறு இடத்திலும் பெண் பார்ப்பார்கள், வேறு வேலைக்கும் போவாய், எங்கேயாவது யாராவது அந்தக் கேஸைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது பழையபடி தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் எழுதினேன் என்று சொல்லாதே, ரகு. என் அப்பா எழுதினார் என்று சொல்.

உன் அப்பா